வரிநிலுவை ஏலமும் கறுப்பின மக்களின் நிலமும்: பியூஃபர்ட் நகரத்தின் வரலாறு



இரட்டைமலை சீனிவாசன் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவில் நிலத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். நிலம் கைமாறிப்போன கதைகளை நம் மேடைகளில் நிறையப் பேசியிருக்கிறோம். அடித்து விரட்டிப் பிடுங்கியதைப் பேசியிருக்கிறோம். கடனுக்கு எழுதி வாங்கியதையும், கைநாட்டு வாங்கிப் போலிப் பத்திரம் போட்டதையும் பேசியிருக்கிறோம். இவற்றைப் போலவே நிலத்தைக் கொண்டுபோகும் இன்னொரு வழி இருக்கிறது. அதில் அடியாள் கிடையாது, கந்துவட்டிக்காரர் கிடையாது. எல்லாம் சட்டப்படி, அறிவிப்பு கொடுத்து, பகல் வெளிச்சத்தில் நடக்கும். வரி கட்டவில்லை என்று அரசே சொத்தை ஜப்தி செய்து, ஏலம் போட்டு விற்றுவிடும்.

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் தென்கரோலினா மாநிலத்தில் உள்ள பியூஃபர்ட் என்ற சிறிய நகரத்தையும் அதைச் சுற்றியுள்ள கடல்தீவுகளையும் எடுத்துக்கொள்கிறேன். கறுப்பின மக்களின் வரலாறு நமக்கு அந்நியமானதல்ல. 1873இல் ஜோதிராவ் புலே தன் 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் அண்ணல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். இந்த உறவில் விடுதலையையும் கல்வியையும் வாக்குரிமையையும் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். நிலத்தைப் பற்றியும் வரியைப் பற்றியும் பேசியது குறைவு.

பியூஃபர்ட்டை எடுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே வரிநிலுவை ஏலத்தால் அடிமைகள் நிலத்துக்கு உரிமையாளர் ஆனார்கள். நூறாண்டுகளுக்குப் பிறகு அதே வரிநிலுவை ஏலத்தால் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நிலத்தை இழந்தார்கள். நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். பலன் நேர் எதிரானது. இது எப்படி நடந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஏலத்துக்கு வந்த நகரம்

1861 நவம்பர் 7 அன்று வடக்கு மாநிலங்களின் கடற்படை போர்ட் ராயல் துறைமுகத்தைப் பிடித்தது. பியூஃபர்ட்டிலும் தீவுகளிலும் இருந்த வெள்ளைப் பண்ணையார்கள் ஓடிப்போனார்கள். தங்களோடு வரும்படி அடிமைகளைக் கூப்பிட்டார்கள். பெரும்பாலோர் போகவில்லை. ஏறத்தாழ 10,000 பேர் அங்கேயே தங்கினார்கள். தலைமுறை தலைமுறையாகப் பருத்தி விளைவித்த மண்ணில் எஜமான் இல்லை, சவுக்கு இல்லை. ஆனால் அந்த மண் யாருடையது என்ற கேள்வி நின்றது.

அதற்குப் பதில் சொன்னது ஒரு வரிச்சட்டம். போர்ச் செலவுக்காக 1861 ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றம் 2 கோடி டாலர் நேரடி நிலவரி விதித்து, அதை மாநிலங்களுக்குப் பங்கிட்டது. தென்கரோலினாவின் பங்கு 3,63,570 டாலர். கலகம் செய்த மாநிலம் அதைக் கட்டவில்லை. 1862 ஜூன் 7 அன்று இன்னொரு சட்டம் வந்தது. கலகப் பகுதிகளில் ஒவ்வொரு நிலத்தின் மீதும் வரியோடு 50 விழுக்காடு அபராதமும் சேரும். கெடுவுக்குள் கட்டாவிட்டால் நிலம் அரசுக்குப் பறிமுதலாகி ஏலத்துக்கு வரும் என்று அது சொன்னது.

ஓடிப்போன பண்ணையார் எதிரியின் பிடியில் இருக்கும் ஊருக்கு வந்து எப்படி வரி கட்டுவார்? சட்டத்தை எழுதியவர்களுக்கும் அது தெரியும். பார்வைக்கு அது வரிச்சட்டம். உள்ளே அது நிலப்பறிப்புச் சட்டம். ஒரு நகரமும் அதைச் சுற்றியிருந்த தீவுகளும் ஏறக்குறைய முழுவதுமாக வரிநிலுவைப் பட்டியலில் ஏறின.

1863 பிப்ரவரியில் நடக்க வேண்டிய ஏலத்தைப் படைத் தளபதிகள் நிறுத்திவைத்தார்கள். விட்டால் வடக்கிலிருந்து வரும் நிலவியாபாரிகள் எல்லாவற்றையும் வாங்கிவிடுவார்கள், விடுதலை பெற்ற மக்கள் பழையபடி கூலிகளாகிவிடுவார்கள் என்ற அச்சம் இருந்தது. சட்டம் திருத்தப்பட்டது. கல்வி, அறம், படைத் தேவை போன்ற காரணங்களுக்காக அரசே நிலத்தை ஏலத்தில் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. மார்ச்சில் ஏலம் நடந்தது. நிலத்தில் பெரும்பகுதியை அரசே எடுத்தது.

தனியார் எடுத்ததில் பெரும்பங்கு ஒரே கைக்குப் போனது. பாஸ்டன் முதலாளிகளின் பணத்தோடு வந்த எட்வர்ட் ஃபில்பிரிக் 11 பண்ணைகளை ஏக்கர் ஏறத்தாழ 1 டாலர் வீதம் வாங்கினார். அவர் அடிமை முறைக்கு எதிரானவர்தான். ஆனாலும் போர் முடிகிற சமயத்தில் தன் தொழிலாளர்களுக்கே அந்த நிலத்தை ஏக்கர் 5 டாலருக்கு விற்றார். மறுபுறம், அடிமைத்தளையிலிருந்து வெளிவந்து இரண்டாண்டுகூட ஆகாத மக்கள் கூலிக்காசைக் கூட்டாகப் போட்டு ஏறத்தாழ 2,000 ஏக்கர் எடுத்தார்கள். வட அமெரிக்காவில் நேற்றுவரை தாங்களே சொத்தாக எண்ணப்பட்டவர்கள், தாங்கள் விற்கப்பட்ட அதே முறையான ஏலத்தில் நிலம் வாங்கினார்கள்.

ஒரு டாலரும் பதினொரு டாலரும்

அடுத்த கட்டத்தில்தான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. அரசு கையில் இருந்த நிலத்தை என்ன செய்வது? 1863 செப்டம்பரில் லிங்கன் ஓர் உத்தரவு போட்டார். ஏறத்தாழ 16,000 ஏக்கரைக் கறுப்பினக் குடும்பங்களுக்கு ஒதுக்கி ஏக்கர் 1.25 டாலருக்கு விற்கலாம். மிச்சத்தைப் பெரிய துண்டுகளாக ஏலம் விடலாம் என்றது அது. இது போதாது என்று மக்களும் அவர்களோடு நின்ற ஆசிரியர்களும் பாதிரியார்களும் போராடினார்கள். அதன்பின் 1863 டிசம்பர் 31 அன்று வந்த உத்தரவு, தங்கள் பிழைப்பு நடக்கும் நிலத்தை ஏலத்துக்கு வருமுன்பே நிர்ணய விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையைத் தந்தது. மக்கள் முளையடித்து எல்லை குறித்தார்கள், முன்பணம் கட்டினார்கள்.

வரி ஆணையர்கள் மூவர். அவர்களில் ஏப்ரம் ஸ்மித் இந்த உத்தரவை ஆதரித்தார். மற்ற இருவரும் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களில் ஒருவரான வில்லியம் பிரிஸ்பேன் சாதாரணமானவர் அல்லர். அதே தென்கரோலினாவில் பிறந்து, அடிமைகளை வைத்திருந்து, பிறகு மனம் மாறி அவர்களை விடுவித்தவர். அடிமை ஒழிப்புக்காகச் சொந்த மண்ணை விட்டுப் போனவர். அவருக்குக்கூட முன்னுரிமை விற்பனை சட்டத்துக்குப் பொருந்தாததாகத் தெரிந்தது. 1864 பிப்ரவரியில் நிதியமைச்சர் சேஸ் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார். நிலம் பொது ஏலத்துக்கு வந்தது. சராசரி விலை ஏக்கர் 11 டாலருக்கு மேல் போனது. 1.25 டாலரை எண்ணி எடுத்து வைத்திருந்தவர்கள் ஏலக்களத்தில் வேடிக்கை பார்த்தபடி நிற்க வேண்டியதாயிற்று.

மனிதர்கள் மாறவில்லை, நிலமும் மாறவில்லை. நிர்ணய விலை இருந்தவரை உழுபவருக்கு வாய்ப்பு இருந்தது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஆன நாளில் பணம் வைத்திருந்தவருக்குப் போனது. ஏலத்தில் எல்லாரும் சமம் என்று சொல்வார்கள். சட்டைப்பை சமமாக இல்லாத இடத்தில் அந்தச் சமத்துவத்துக்கு என்ன பொருள்?

ஒரே சட்டம், இரண்டு வீடுகள்

1839இல் பியூஃபர்ட்டில் பிரின்ஸ் தெருவில் உள்ள ஒரு வீட்டின் பின்கட்டில் ராபர்ட் ஸ்மால்ஸ் பிறந்தார். அவருடைய தாய் லிடியா அந்த வீட்டின் அடிமை. 1862 மே மாதம் ஸ்மால்ஸ் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து 'பிளான்டர்' என்ற எதிரிப்படைக் கப்பலைத் தன் குடும்பத்தோடும் தோழர்களோடும் ஓட்டிக்கொண்டு வந்து வடக்குப் படையிடம் ஒப்படைத்தார். அதற்காகப் பரிசுப்பணமும் கிடைத்தது. பிறகு வரிநிலுவை ஏலத்தில் அந்தப் பிரின்ஸ் தெரு வீட்டையே வாங்கினார். பின்கட்டில் பிறந்தவர் முன்வாசல் வழியாக உள்ளே போனார்.

போருக்கு முன்பே அந்த வீட்டை வாங்கியிருந்த டி ட்ரெவில் என்ற வெள்ளையர் போர் முடிந்த பின் வழக்குத் தொடுத்தார். ஏலம் முறைப்படி நடக்கவில்லை, வீடு எனக்கே சொந்தம் என்றார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1878இல் ஸ்மால்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. வரி ஆணையர்கள் கொடுத்த ஏலச் சான்றிதழே உரிமைக்குப் போதிய ஆதாரம் என்று நீதிமன்றம் ஏற்றது. அப்போது ஸ்மால்ஸ் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர். பியூஃபர்ட்டில் ஏலத்தில் நிலம் எடுத்த கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றுக்கும் அந்தத் தீர்ப்பு கவசமாயிற்று.

அதே 1862 சட்டத்தின்படி வர்ஜீனியாவில் இன்னொரு சொத்தும் ஏலம் போனது. அது தெற்குப் படையின் தளபதி ராபர்ட் லீயின் மனைவிக்குச் சொந்தமான ஆர்லிங்டன் பண்ணை. வரிபாக்கி 92.07 டாலர். லீயின் மனைவி உறவினர் ஒருவரிடம் பணம் கொடுத்தனுப்பினார். உரிமையாளரே நேரில் வர வேண்டும் என்று ஆணையர்கள் பணத்தை வாங்க மறுத்தார்கள். 1864 ஜனவரியில் அரசே 26,800 டாலருக்கு அதை ஏலத்தில் எடுத்தது. லீயின் மகன் வழக்குப் போட்டார். 1882இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவருக்கு வெற்றி கிடைத்தது. கட்ட வந்த வரியை வாங்காமல் ஏலம் விட்டது செல்லாது என்றது நீதிமன்றம். மறுஆண்டு அரசு 1,50,000 டாலர் கொடுத்து அந்த இடத்தை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டது. அதே ஆர்லிங்டனில் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் ஒரு குடியிருப்பு அமைத்து வாழ்ந்தார்கள். நூற்றாண்டு முடிவில் அது கலைக்கப்பட்டது.

லீ வழக்கின் தீர்ப்பைத் தவறு என்று நான் சொல்லவில்லை. கட்ட வந்த வரியை வாங்க மறுத்து ஏலம் விடுவது அநீதிதான். அந்த அநீதியை நீதிமன்றத்தில் சொல்லி நிரூபிக்க லீ குடும்பத்துக்கு வக்கீலும் பணமும் பெயரும் இருந்தன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

தங்கிய நிலமும் போன நிலமும்

1865 ஜனவரி 16 அன்று தளபதி ஷெர்மன் போட்ட 15ஆம் எண் உத்தரவு நம்மில் பலருக்குத் தெரியும். 'நாற்பது ஏக்கர்' என்ற முழக்கம் அங்கிருந்து வந்தது. கடற்கரை ஓரமாக ஏறத்தாழ 40,000 பேர் குடியேறினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் பழைய பண்ணையார்களுக்கு மன்னிப்பு வழங்கி, நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஷெர்மன் கொடுத்த காகிதம் அனுபவிக்கும் உரிமையை மட்டும் தந்தது. அது முழு உரிமைப் பத்திரமல்ல.

பியூஃபர்ட்டில் ஏலத்தில் வாங்கியவர்களின் நிலம் போகவில்லை. கையில் ஏலச் சான்றிதழ் இருந்தது. அதனால்தான் ஷெர்மன் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு, 1866 ஜூலைச் சட்டத்தின்படி, பியூஃபர்ட் பகுதியில் அரசு வைத்திருந்த வரிநிலத்தில் 20 ஏக்கர் வீதம் ஏக்கர் 1.50 டாலருக்கு விற்க முடிந்தது. செயின்ட் ஹெலினா போன்ற தீவுகளில் சிறுநில உடைமையாளர்களான கறுப்பினச் சமூகம் உருவானதற்கு இதுவே அடிப்படை. சொந்த நிலம் இருந்ததால் வாக்களிக்கப் பயமில்லை. 1862இல் அங்கே தொடங்கிய பென் பள்ளியில் பிள்ளைகள் படித்தார்கள். கல்லா மொழியும் பாட்டும் வழிபாடும் தங்கின. 1960களில் மார்ட்டின் லூதர் கிங் தன் தோழர்களோடு கூடிப்பேச அந்தப் பள்ளி வளாகத்துக்கு வந்தார். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒன்றாகத் தங்கிப் பேசக்கூடிய இடம் தெற்கில் அரிதாக இருந்த காலம் அது.

ஆனாலும் இழப்பீடு யாருக்குக் கிடைத்தது என்று பாருங்கள். 1891இல் அமெரிக்க நாடாளுமன்றம் பழைய நேரடி வரியை மாநிலங்களுக்குத் திருப்பிக் கொடுக்கச் சட்டம் செய்தது. அதே சட்டத்தில், பியூஃபர்ட் பகுதியில் ஏலத்தில் நிலம் இழந்த பழைய உரிமையாளர்களுக்காக 5,00,000 டாலர் ஒதுக்கியது. சாகுபடி நிலத்துக்கு ஏக்கர் 5 டாலர். கலகம் செய்தவர்களின் வாரிசுகளுக்கு நட்டஈடு வந்தது. அந்த நிலத்தில் கூலியில்லாமல் உழைத்தவர்களின் வாரிசுகளுக்கு ஒரு டாலரும் வரவில்லை.

மறுபடியும் ஏலக்களம்

1956இல் ஹில்டன் ஹெட் தீவுக்குப் பாலம் வந்தது. அதுவரை பெரும்பாலும் கறுப்பினச் சமூகமே வாழ்ந்த தீவு அது. பாலத்தைத் தொடர்ந்து சொகுசுக் குடியிருப்புகளும் கோல்ஃப் மைதானங்களும் விடுதிகளும் வந்தன. அவற்றில் பலவற்றின் பெயரில் 'பிளான்டேஷன்' என்ற சொல் இருந்தது. பக்கத்து நிலத்தின் விலை ஏறியதும் இவர்களுடைய நிலத்தின் மதிப்பும் ஏறியது. மதிப்பு ஏறியதால் வரியும் ஏறியது. மீன் பிடித்தும் தோட்டம் போட்டும் பிழைத்த குடும்பத்தின் வருமானம் மட்டும் ஏறவில்லை.

இன்று தென்கரோலினாவில் நடைமுறை இப்படி இருக்கிறது. வரி வசூலிப்பது கவுண்டி, அதாவது நம் மாவட்டம் போன்ற அமைப்பு. ஜனவரி 15க்குள் வரி கட்ட வேண்டும். தவறினால் 3 விழுக்காடு அபராதம். பிப்ரவரியில் அது 10 ஆகும், மார்ச் நடுவில் 15 ஆகும். அதன்பின் கணக்கு நிலுவை வசூல் அதிகாரியிடம் போகும். முதலில் தபாலில் அறிவிப்பு, பிறகு பதிவுத்தபால். பதிவுத்தபால் திரும்பி வந்தால் நிலத்திலேயே அறிவிப்பை ஒட்டுவார்கள். செய்தித்தாளில் மூன்று வாரம் விளம்பரம் வரும். பிறகு ஏலம். ஏலம் போனபின் 12 மாதத்துக்குள் பாக்கியையும் செலவையும், ஏலத்தொகைக்கு 3 முதல் 12 விழுக்காடு வரை வட்டியையும் கட்டினால் நிலத்தை மீட்கலாம். மீட்காவிட்டால் எடுத்தவர் பெயருக்குப் பத்திரம் போய்விடும்.

கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. மூன்று அறிவிப்பு, ஓராண்டுக் கெடு. இந்த ஏற்பாடு எங்கே வேலை செய்யாது என்பதற்கு ஒரு பெயர் உண்டு. 'வாரிசு நிலம்' என்பார்கள். 1860களில் நிலம் வாங்கிய மூதாதை உயில் எழுதி வைக்கவில்லை. வெள்ளை வக்கீலையும் வெள்ளை நீதிமன்றத்தையும் நம்பாதவர்கள் எழுதி வைக்கவும் மாட்டார்கள். நான்கைந்து தலைமுறைக்குப் பிறகு அந்தப் பத்து ஏக்கருக்கு எத்தனையோ பங்காளிகள். சிலர் நியூயார்க்கில், சிலர் பிலடெல்பியாவில். எல்லாருக்கும் பாகம் பிரியாத பங்கு. வரிச்சீட்டு ஒரு பெயருக்கு, ஒரு முகவரிக்கு வரும். அந்தப் பெயருக்குரியவர் எப்போதோ இறந்திருப்பார். நிலத்தில் குடியிருக்கும் அத்தைக்குச் சீட்டு வந்ததே தெரியாது. தெரிந்தாலும், தனிப் பத்திரம் இல்லாததால் வங்கி கடன் கொடுக்காது. குடியிருக்கும் வீட்டுக்கு உரிய வரிச்சலுகையைக் கேட்டாலும் உரிமையைக் காட்டு என்பார்கள்.

ஏலத்தில் வரிபாக்கிக்கு மேல் கிடைக்கும் மிச்சப்பணம் உரிமையாளருக்குச் சேர வேண்டும் என்று அந்த மாநிலச் சட்டம் சொல்கிறது. ஐந்தாண்டுக்குள் யாரும் கேட்டு வாங்காவிட்டால் அது கவுண்டியின் பொதுநிதிக்குப் போய்விடும். தன் பங்கை நிரூபிக்கவே முடியாத குடும்பம் மிச்சப்பணத்தை எப்படிக் கேட்கும்? லீயின் மகனுக்கு இருந்த வக்கீல் இங்கே இல்லை.

வேறு சில மாநிலங்களில் மிச்சப்பணமே கிடையாது என்று இருந்தது. மினசோட்டாவில் ஜெரால்டின் டைலர் என்ற 94 வயதுக் கறுப்பின மூதாட்டிக்கு ஏறத்தாழ 2,300 டாலர் வரிபாக்கி. அபராதமும் வட்டியும் சேர்ந்து 15,000 ஆயிற்று. ஹென்னப்பின் கவுண்டி வீட்டை எடுத்து 40,000 டாலருக்கு விற்று முழுத்தொகையையும் வைத்துக்கொண்டது. 2023 மே 25 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இது செல்லாது என்றது. பாக்கியை எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் எடுப்பது ஈடில்லாமல் சொத்தைப் பறிப்பது என்பது தீர்ப்பு. நல்ல தீர்ப்பு. ஆனால் அது காப்பாற்றியது மிச்சப்பணத்தை, வீட்டை அல்ல.

நமக்கு என்ன?

செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் அறிக்கை கொடுத்து, 1892இல் ஆணை வந்து நமக்குக் கிடைத்தது பஞ்சமி நிலம். பத்தாண்டுவரை விற்கக் கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனை அதில் உண்டு. பியூஃபர்ட் மக்களுக்கு நிபந்தனையில்லாத முழு உரிமை கிடைத்தது. நமக்குப் பாதுகாப்பு நிபந்தனையோடு கிடைத்தது. இரண்டுமே பறிபோயின. கரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள். பத்திரத்தில் எழுதியிருப்பதை நடைமுறையில் காக்க அமைப்பு இல்லாவிட்டால், நிபந்தனை இருந்தும் பயனில்லை, இல்லாமலும் பயனில்லை.

அந்த அமைப்பைப் பியூஃபர்ட் பகுதி மக்கள் கட்டிவருகிறார்கள். ஏலப் பட்டியல் செய்தித்தாளில் வந்ததும் எடுத்துப் படித்து, யாருடைய நிலம் என்று கண்டுபிடித்து, வீடுவீடாகப் போய்ச் சொல்கிறார்கள். சிறுதொகை பாக்கிக்காக நிலம் போகாமல் இருக்க நிதி திரட்டுகிறார்கள். சார்ல்ஸ்டனில் இருக்கும் ஒரு மையம் வாரிசு நிலத்துக்குக் குடும்பமரம் எழுதி, உயில் எழுதி, பட்டத்தைச் சரிசெய்து தருகிறது. பாகப்பிரிவினை வழக்கு என்ற பெயரில் முழு நிலத்தையும் விற்கவைக்கும் தந்திரத்துக்கு எதிராக 2016இல் தென்கரோலினா ஒரு சட்டம் இயற்றியது. சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியனால் 2015இல் சுட்டுக்கொல்லப்பட்ட மாநிலச் செனட்டர் கிளெமென்டா பிங்க்னியின் பெயரை அது தாங்கியிருக்கிறது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வு செய்பவர்கள் போராட்டத்தையும் படுகொலையையும் பதிவு செய்கிறோம். அது தேவை. அதோடு வரிப்பதிவேட்டையும் ஜப்தி அறிவிப்பையும் ஏலப் பட்டியலையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நம் நாட்டிலும் 1864ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பாக்கிக்காக முதலில் அசையும் பொருளையும் பிறகு நிலத்தையும் எடுக்க அதில் வழியுண்டு. உங்கள் தாலுகாவில் அந்தச் சட்டத்தின்படி யாருடைய நிலம் எப்போது ஏலம் போனது, எந்த விலைக்கு, எடுத்தவர் யார், மிச்சப்பணம் யாருக்குப் போனது என்று எழுதுங்கள்.

செயல்பாட்டாளர்களுக்கும் ஒன்று. உங்கள் சேரியில் எத்தனை வீட்டுப் பட்டா இறந்துபோன தாத்தாவின் பெயரில் இருக்கிறது என்று கணக்கெடுங்கள். வாரிசுச் சான்றும் பெயர்மாற்றமும் வரி ரசீதும் அலுப்பூட்டும் வேலைகள்தான். ராபர்ட் ஸ்மால்ஸின் வீட்டை 1878இல் காப்பாற்றியது அப்படிப்பட்ட ஒரு காகிதம். அந்தக் காகிதத்தைத் தாங்கிப்பிடிக்க அவருக்குப் பின்னால் ஒரு சமூகமும் அரசியல் பலமும் இருந்தன. இரண்டையும் சேர்த்தே நாம் கட்ட வேண்டும்.

 ஜெய் பீம்.